சிவப்பு ஐசியும் தேசமும்: சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால்

மலேசியர் எல்லோரும் பணப்பையில் வைத்துத் திரியும், ஐசி என்று அழைக்கும் அடையாள அட்டையின் கதை, பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் தொடங்குகிறது. 1948 ஜூன் 16 அன்று இங்கே மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18-க்குள் மலாயா முழுவதும் அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறிய வேண்டுமானால் காட்டுக்கு வெளியே இருப்பவர்களை முதலில் பதிந்தாக வேண்டும். அப்படித்தான் 12 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அட்டை வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்த அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு உளி எவ்வளவு முக்கியமோ அட்டையும் அவ்வளவு முக்கியம். கம்யூனிஸ்டுகள் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டதும் அதன் பலத்தை அறிந்துதான்.

இவர் இன்னார், இன்ன இடத்தில் குடியிருக்கிறார் என்பதற்கு மேல் அந்த அட்டை எதுவும் சொல்லவில்லை. எந்த நாட்டின் குடிமகன் என்று சொல்ல அதற்கு வழியும் இல்லை. மலாயா என்ற சுதந்திர நாடு பிறக்க இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது. அட்டை முதலில் வந்தது, நாடு பிறகு வந்தது. இந்த முன்பின் வரிசை தோட்டத்துச் சனங்களுக்கு ஏற்படுத்திய குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. "அட்டைதான் கையில இருந்துச்சே தம்பி, அப்புறம் எதுக்குத் தனியா பிரஜா உரிமை?" என்று கேட்கும் எண்பது வயதுப் பெரியவர்களை இங்குள்ள சாப்பாட்டுக் கடைகளில் இன்றும் பார்க்கலாம். அவர்களில் சிலருடைய அட்டை சிவப்பு நிறம்.

சிவப்பு என்றால் நிரந்தரக் குடியிருப்பாளர். நீலம் என்றால் குடிமகன். பச்சை என்றால் தற்காலிகக் குடியிருப்பாளர். அட்டை எண்ணில் பிறந்த தேதிக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் பிறந்த மாநிலத்தைக் காட்டும். பேராக்கில் பிறந்தவருக்கு 08. இந்த ஊரிலேயே பிறந்த சிவப்பு அட்டைக்காரருக்கும் அதே 08 தான். எண் இவரை இந்த மண்ணில் பிறந்தவர் என்கிறது, நிறம் இவர் இந்த நாட்டவர் அல்லர் என்கிறது.

இரண்டு கேள்விகள்

எந்த அரசின் ஆள் என்பது ஒரு கேள்வி. என் மக்கள் யார் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு அரசாங்கப் பதிவேட்டில் பதில் இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பாட்டி பேசிய மொழி, ஊர்க் கோயில், படித்த பள்ளிக்கூடம், அடுத்த வீட்டுக்காரர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்பது எல்லாம் சேர்ந்து பதில் சொல்லும். ஒரே மக்கள் கூட்டம் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றுபோலத் தோன்றும், யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பல தேசிய இனங்கள் ஒரே அரசின் கீழ் வாழும்போதுதான் வித்தியாசம் கண்ணில் படும்.

சோவியத் ஒன்றியம் இதை ஒளிக்காமல் எழுதியே வைத்தது. 1932-இல் கொண்டுவந்த உள்நாட்டுக் கடப்பிதழில் குடியுரிமை சோவியத் என்றும், தேசிய இனம் ரஷ்யர், உக்ரேனியர், உஸ்பெக், யூதர் என்றும் தனித்தனியாக இருந்தன. பெற்றோர் வெவ்வேறு இனத்தவரானால் 16 வயதில் பிள்ளை ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். யூகோஸ்லாவியாவில் இன்னும் சுவாரசியம். 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செர்பியர், குரோவாசியர் என்றெல்லாம் சொல்லாமல் வெறுமனே "யூகோஸ்லாவியர்" என்று தங்களைப் பதிந்துகொண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர், மொத்த மக்களில் 5 விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டியவர்கள். மற்றவர்களும் யூகோஸ்லாவியக் குடிமக்கள்தாம், ஆனால் அந்தப் பெயரைத் தங்கள் மக்களின் பெயராக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாண்டு கழித்து அந்த நாடே உடைந்தது. பிரிட்டனில் ஸ்காட்லாந்துக்காரருக்குத் தனிக் கடப்பிதழ் கிடையாது, தனிக் கால்பந்து அணி உண்டு. 1998 பெல்பாஸ்ட் உடன்படிக்கை வட அயர்லாந்து மக்கள் தங்களை ஐரிஷ்காரர், பிரிட்டிஷ்காரர், அல்லது இரண்டுமே என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது.

நம்முடைய அட்டையின் முகப்பில் இனம் இல்லை. பெயர், முகவரி, பால், குடிமகன் என்று பொருள்படும் "வார்கானெகாரா" என்ற சொல், முஸ்லிமானால் "இஸ்லாம்" என்ற சொல், சபா மாநிலத்தவருக்கு ஓர் எழுத்து, சரவாக்கியருக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஆனால் பள்ளிப் பதிவு முதல் வங்கிப் பாரம் (படிவம்) வரை இனத்துக்கு ஒரு கட்டம் காத்திருக்கும்: மலாய், சீனர், இந்தியர், "லாயின்-லாயின்". சபா, சரவாக் பூர்வகுடிகளான ஈபானும் கடசானும் கெலாபித்தும் தங்கள் சொந்த மண்ணிலேயே "இதரர்" கட்டத்தில் கோடிட்டே பல காலம் கடத்தினார்கள். அது அவர்களுக்கு ஆறாத மனக்குறை. நமக்கோ "இந்தியர்" என்ற கட்டம். தோட்டத்தில் யாரும் தன்னை அப்படிச் சொல்லி வளர்ந்ததில்லை; தமிழர், தெலுங்கர், மலையாளி என்பதுதான் வழக்கம். 1891 கணக்கெடுப்பில்கூட வெள்ளைக்காரன் "தமிழரும் ஏனைய இந்திய மண்ணினரும்" என்று பெயரிட்டு நம்மை முன்னால் வைத்திருந்தான். பிறகு தமிழர் என்பது உட்பிரிவாகிவிட்டது. இதைப் பெரிய அநியாயமாக நான் நினைக்கவில்லை. கட்டம் எதுவானாலும் அதில் கோடிட யாருக்கு அனுமதி என்பதே தோட்டத்துச் சனத்தின் பிரச்சனை.

ஓராண்டுக் கதவு

போருக்கு முன்னால் பால்மரக் காட்டில் இருந்த தமிழர் சட்டப்படி எந்த நாட்டவர்? பினாங்கில் பிறந்தவர் நீரிணைக் குடியேற்றப் பகுதியில் பிறந்தவர், ஆகவே பிரிட்டிஷ் பிரஜை. பேராக் சுல்தானின் ஆட்சிப் பகுதி. அங்கே பிறந்த தமிழர் அந்தப் பிறப்பால் மட்டும் பிரிட்டிஷ் பிரஜை ஆகிவிட முடியாது, சுல்தானின் பிரஜை என்று கொள்வதும் லேசில்லை. இந்தியாவிலிருந்து வந்த அப்பா பிரிட்டிஷ் இந்தியாவின் பிரஜை. ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று நிலை. கப்பல் ஏற்றிக்கொண்டு வந்த நிர்வாகத்துக்கு ஆள் தேவைப்பட்டதே தவிர, அந்த ஆள் எந்த நாட்டவர் என்று யோசிக்கும் அவசியம் இருக்கவில்லை. ரப்பர் விலை விழுந்தால் திருப்பி அனுப்பிவிடலாம் என்பதே கணக்கு. 1930-களின் மந்தத்தில் அப்படியே அனுப்பினார்கள்.

1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரைச் செலவு கொடுத்து ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வரும் பழக்கம் அதோடு நின்றது. அதற்குப் பிறகு தோட்டத்தில் வளர்ந்த தலைமுறை லயத்திலேயே பிறந்து, ஆயாக்கொட்டகையில் தவழ்ந்து, இங்கேயே மாரியம்மனுக்குத் தீ மிதித்த தலைமுறை. ஆனாலும் 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் வந்து இந்தியாவின் விடுதலைக்கு ஆள் கேட்டபோது பால்வெட்டும் பெண்கள்கூட ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். பார்த்தே இராத நாட்டுக்காக. உணர்வு ஒரு நாட்டோடும் பிழைப்பு இன்னொரு நாட்டோடும் இருந்த காலம் அது. இதில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது, எனக்கும் தோன்றவில்லை.

போர் முடிந்ததும் குடியுரிமைக் கதை வேகம் பிடித்தது. 1946 மலாயன் யூனியன் திட்டம் இங்கே பிறந்தவர்களுக்குத் தாராளமாகக் குடியுரிமை தர முன்வந்தது. மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், அவர்களின் கட்சியான அம்னோ பிறந்தது. 1948 கூட்டரசு உடன்படிக்கை கதவைப் பெரும்பகுதி மூடியது. சுல்தான்களின் பிரஜைகளுக்குத் தானாகவே குடியுரிமை, மற்றவர்களுக்குப் பெற்றோரின் பிறப்பு, வசித்த ஆண்டுகள், மலாய் அல்லது ஆங்கில அறிவு என்று நிபந்தனைகள். 1952-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். பெரிய மாற்றம் மெர்டேக்காவோடு, அதாவது 1957 சுதந்திரத்தோடுதான் வந்தது.

அரசியலமைப்பை வரைய வந்த ரீட் ஆணையமும் கூட்டணிக் கட்சிகளும் பேசி முடித்த ஏற்பாட்டின்படி, 1957 ஆகஸ்டு 31-லும் அதற்குப் பிறகும் இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தானாக வந்துவிடும். அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் கடந்த 7 ஆண்டில் 5 ஆண்டு இங்கே வசித்ததைக் காட்டிப் பதிந்துகொள்ளலாம். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு 12 ஆண்டில் 8 ஆண்டு. மலாய் மொழிச் சோதனை உண்டு, ஆனால் மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அந்தச் சோதனை இல்லை. கூட்டணிக்குள் மலாய்க்காரரின் சிறப்பு நிலைக்கு மற்றவர்கள் சம்மதித்ததற்கு ஈடாகக் கிடைத்தது இது. அந்தப் பேரத்தில் ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்தவர் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன்.

ஓராண்டுக் கதவு என்று எழுதினால் பெரிதாகத் தெரியும். பிரட்டு என்னும் அதிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு எழுந்து, மதியம் வரை பால் எடுத்து, மாலையில் புல் வெட்டும் ஒருவருக்கு அந்த ஓராண்டு எப்படிப் போயிருக்கும்? பாரம் நிரப்பிக் கொடுக்கத் தோட்டத்து எழுத்தரான கிராணி மனம் வைக்க வேண்டும். பட்டணத்துக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போச்சு. பிறந்ததற்குச் சாட்சி வேண்டும், பல பேருக்குப் பிறந்த தேதியே தீபாவளிக்கு முன்னா பின்னா என்ற அளவில்தான் தெரியும். தொழிற்சங்கத்தாரும் ம.இ.கா.வினரும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதிந்தார்கள், அதனால் லட்சக்கணக்கானோர் குடிமக்கள் ஆனார்கள். விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், விதவைகள், தோட்டம் மாறிக்கொண்டே இருந்தவர்கள். "ஊருக்குத்தானே திரும்பப் போறோம்" என்றவர்களும் உண்டு, அவர்கள் திரும்பவே இல்லை.

1962-இல் சட்டம் மறுபடி இறுகியது. அந்த ஆண்டு செப்டம்பருக்குப் பிறகு மண்ணில் பிறப்பது மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும். அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. தொழிலாளர் தங்கள் காசைப் போட்டுத் தோட்டத்தையே வாங்கட்டும் என்று சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். 1969 மே கலவரத்துக்குப் பிறகு அடி விழுந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். தோட்டங்களிலிருந்து ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறியதாகக் கணக்கு சொல்வார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து, இந்தியாவைக் கண்டிராதவர்களும் அவர்களில் அடக்கம். பெர்மிட் புதுப்பிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் அந்நியரானார்கள்.

இலங்கை மலையகத்தோடு இதை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அதே திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள். ஒரு பகுதி தேயிலைக்குப் போனது, ஒரு பகுதி ரப்பருக்கு வந்தது. சிலோன் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களின் கணக்கு 2003 சட்டம் வரை இழுத்தது. மலாயாவில் அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை. நம் அரசியல்வாதிகள் இதைப் பெருமையாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே சட்டத்தால் பறிக்கப்பட்டபோது அதை எதிர்த்து ஓர் இயக்கம் எழ முடிந்தது, பெயர் வைக்க முடிந்தது, ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. இங்கே குடும்பம் குடும்பமாக, பதிவிலாகாக் கவுண்டர் கவுண்டராக நழுவியதால் அது ஒரு மக்களின் பிரச்சனையாகவே தெரியாமல் போனது. "உங்க அப்பா பதியலையா? அப்ப உங்க தப்பு" என்ற அளவில் முடிந்துவிட்டது.

தாலி கட்டியும் கல்யாணம் ஆகாதவர்கள்

இன்றைக்கு நாடற்ற பிள்ளை எப்படி உருவாகிறது என்பதுதான் வெளியூர்க்காரருக்குப் புரிவதே இல்லை. நாட்டுப்பற்று, மொழிப்பற்று, விசுவாசம் எதற்கும் இதில் இடமில்லை. ஒரு வழக்கமான கதையை மட்டும் சொல்கிறேன்.

தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டிக்கு வீட்டிலேயே பிரசவம். மருத்துவச்சி பார்த்தாள், பிறப்பைப் பதியவில்லை. அந்தப் பெண் பிள்ளை பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்கிறாள், ஐசியும் இல்லை. பெரியவளாகி, நீல அட்டை வைத்திருக்கும் பையனை மாரியம்மன் கோயிலில் கல்யாணம் செய்துகொள்கிறாள். ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. ஆனால் 1982 மார்ச்சு 1-இல் அமலுக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதவரின் திருமணம் பதிவு செய்தால்தான் திருமணம். பெண்ணிடம் ஐசி இல்லாமல் பதிவு செய்வது எப்படி? செய்யவில்லை. குழந்தை பிறக்கிறது. அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் ஒரு விதி: பெற்றோர் சட்டப்படி மணமாகாதவர்களானால், குடியுரிமைக் கணக்கில் தகப்பன் என்று வரும் இடத்தில் தாயைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். தாய்க்குக் காகிதமே இல்லை. ஆகவே, தகப்பன் நீல அட்டைக்காரனாக அருகில் நிற்கும்போதே பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் "புகான் வார்கானெகாரா", குடிமகன் அல்லர் என்று அச்சாகிவிடுகிறது.

பாட்டியின் காலத்தில் பதியாமல் விட்ட ஒரு காகிதம் மூன்றாம் தலைமுறையின் நாட்டைத் தீர்மானிக்கிறது. இடையில் எத்தனை தேர்தல் வந்தது, எத்தனை முறை அந்தக் குடும்பம் மெர்டேக்கா கொடி கட்டியது என்பதெல்லாம் கணக்கில் வராது. பிறகு திருமணத்தைப் பதிந்தாலும் நிச்சயமில்லை. வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், பெற்றோர் பின்னால் முறைப்படி மணந்துகொண்ட பிறகும் மலேசியத் தகப்பனின் குடியுரிமை அந்தப் பிள்ளைக்கு வராது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் மூன்று பேர் மறுத்தார்கள் என்பதே சட்டம் எவ்வளவு வழுக்கலானது என்று காட்டுகிறது.

தத்துப் பிள்ளைகள் இன்னொரு வரிசை. அக்காள் மகளை வளர்த்த சித்தி, பெற்றவள் எங்கே போனாள் என்று தெரியாத குழந்தையைத் தூக்கி வளர்த்த குடும்பம். தோட்டத்தில் இதற்குக் காகிதம் எழுதும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. பள்ளியில் சேர்க்கும்போது முதல் இடி விழும், 12 வயதில் ஐசி எடுக்கப் போகும்போது இரண்டாவது. 2019 முதல் பெற்றோரில் ஒருவராவது மலேசியராயிருந்தால் பத்திரம் இல்லாத பிள்ளையும் அரசுப் பள்ளியில் சேர வழி செய்திருக்கிறார்கள், அது நல்ல காரியம். சபைகூடலில் அந்தப் பிள்ளையும் தேசிய கீதமான நெகாராக்கூ பாடுகிறது, 1970-இல் வகுத்த தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாட்டையும் ஒப்பிக்கிறது. அரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் என்பது அதில் இரண்டாவது. பள்ளி முடிந்து வேலைக்குப் போகும்போது எந்த நாடு என்று கேட்பார்கள்.

சிவப்பு அட்டைக்காரருக்கு இந்த அளவு துன்பம் இல்லை. வேலை செய்யலாம், வீடு வாடகைக்கு எடுக்கலாம். ஓட்டுப் போட முடியாது. உதவித்தொகை, அரசாங்க வேலை, குடிமக்களுக்கான மருத்துவக் கட்டணம் ஆகியவற்றில் கதவு மூடும். இன்னொன்றையும் யாரும் கவனிப்பதில்லை. 2020 கணக்கெடுப்பில் இந்தியர் 6.7 விழுக்காடு என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். அந்த விகிதம் குடிமக்களை மட்டும் எண்ணியது. சிவப்பு அட்டைத் தமிழர் "குடிமக்கள் அல்லாதோர்" என்ற வரியில் இந்தோனேசியத் தொழிலாளரோடும் வங்காளதேசத் தொழிலாளரோடும் சேர்ந்து நிற்கிறார். காகிதம் போனதும் இனமும் கூடவே போய்விட்டது. இன்று செம்பனைக் காட்டில் குலை அறுக்கும் அந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலை கடினமானதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் முறையாக வந்தவர் கையில் ஏதோ ஒரு நாட்டின் கடப்பிதழ் இருக்கிறது. அதே தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

எத்தனை பேர்? கட்சிக்காரர் மூன்று லட்சம் என்பார், அமைச்சு சில ஆயிரம் என்று சொல்லும். ஒருவர் சிவப்பு, பச்சை, காகிதமே இல்லாதவர் எல்லோரையும் கூட்டுகிறார், மற்றவர் விண்ணப்பம் போட்டவரை மட்டும் எண்ணுகிறார். 2011-இல் மைடாஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடந்தது. 2018-இல் ஆட்சி மாறியபோது 60 வயதைக் கடந்த 3,407 சிவப்பு அட்டை இந்தியர்களுக்கு மொழிச் சோதனை இல்லாமல் குடியுரிமை தருவதாக அறிவித்தார்கள். மெர்டேக்காவின் ஓராண்டுக் கதவை அறுபது ஆண்டு கழித்து ஒருமுறை திறந்ததுபோல.

நீல அட்டை வந்தால் தேசமும் வருமா?

வராது. அது வேறு கணக்கு. அரசியலமைப்பின் 160-ஆம் பிரிவு மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவர். 153-ஆம் பிரிவு மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் சிறப்பு நிலையைத் தருகிறது. தமிழர் என்ற சொல்லோ சீனர் என்ற சொல்லோ அந்த இடங்களில் வரையறுக்கப்படவில்லை, நாம் "ஏனைய சமூகங்கள்". இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே சுங்கை பிளஸ் பள்ளத்தாக்கில் தெமியார் மக்கள் வாழ்கிறார்கள். தீபகற்பத்தின் மூத்த குடிகள். தோட்டத்துக்கு நாம் வருவதற்கும், சொல்லப்போனால் மற்ற எல்லோரும் வருவதற்கும் முன்னால் இருந்தவர்கள். 153-இல் அவர்கள் பெயர் இல்லை. மண்ணின் மைந்தர் என்ற வாதத்தை உரக்கப் பேசும் எந்தப் பக்கமும் இவர்களைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளும்.

சரவாக்கின் கதை வேறு மாதிரி. 1963-இல் மலேசியா அமைந்தபோது குடிநுழைவு அதிகாரத்தைச் சபாவும் சரவாக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நம் ஊர்ப் பையன் நீல அட்டையோடு மிரியில் செம்பனைத் தோட்டத்து மேற்பார்வையாளர் வேலைக்குப் போனாலும் அங்கே வேலைப் பெர்மிட் எடுத்தாக வேண்டும். சொந்த நாட்டுக்குள்ளேயே. சரவாக்கியர் பலருக்குச் சரவாக்தான் முதலில், மலேசியா அடுத்தது. அதைச் சொல்வதால் அவர்களின் குடியுரிமையை யாரும் சந்தேகிப்பதில்லை. இதே வசதி தமிழருக்குக் கிடைப்பதில்லை. தமிழ்ப்பள்ளி வேண்டும் என்று பேசினால் இணையத்தில் யாரோ ஒருவர் "பாலிக் இந்தியா", இந்தியாவுக்கே திரும்பிப் போ என்று எழுதுவார். 152-ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்கும் அதே வரியில் மற்ற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்கிறது. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசாங்கத்தின் கீழேயே நடக்கின்றன. சட்டம் சொல்வதைச் செய்பவரை விசுவாசமற்றவர் என்பது வினோதமான தர்க்கம்.

அன்றைய பிரதமர் மகாதீர் 1991-இல் 2020 தூரநோக்கை அறிவித்தபோது "பங்சா மலேசியா" என்ற ஒன்றுபட்ட தேசத்தை முதல் சவாலாக வைத்தார். அதற்குப் பிறகு அரசுக்கு அரசு முழக்கம் மாறியது. எல்லோரும் தங்களை முதலில் மலேசியர் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் தவறு இல்லை. யூகோஸ்லாவியாவில் அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் சொற்பம். அவர்கள் கூடியிருந்தால் நாடு பிழைத்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் இங்கே கேள்வி தலைகீழாகக் கேட்கப்படுகிறது. தோட்டத்துத் தமிழரிடம் நீ முதலில் மலேசியனா தமிழனா என்று பட்டிமன்றம் வைக்கிறோம். அந்த மண்டபத்திலேயே தேநீர் ஊற்றும் அக்காவிடம் சிவப்பு அட்டை இருக்கும். அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, கேட்டாலும் பதில் சொல்லும் அதிகாரம் அவருக்குத் தரப்படவில்லை. தமிழர் என்ற அடையாளம் மலேசியர் என்ற குடியுரிமைக்குப் போட்டி என்று நான் நினைக்கவில்லை. நம் தமிழில் "பசியாறிட்டீங்களா" என்ற கேள்வியும் முனீஸ்வரர் கோயிலும் செண்டோலும் பழகிவிட்டன. இந்த அடையாளத்துக்குத் தமிழ்நாட்டில் இடம் தேடினால் கிடைக்காது. உணர்வு தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டது. முடியாமல் கிடப்பது காகித வேலை. அதற்குக் கவிதையோ முழக்கமோ தேவையில்லை, பதிவிலாகாவில் பொறுமையான ஓர் அதிகாரியும் கோயிலில் ஒரு திருமணப் பதிவதிகாரியும் போதும்.

அந்தக் காகித வேலை இனி இன்னும் அவசரம். நாடாளுமன்ற மக்களவை 2024 அக்டோபரில் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார் தங்கள் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தரலாம் என்ற பகுதியைத்தான் பத்திரிகைகள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். அதே திருத்தத்தின் இன்னொரு பகுதி, இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்கும் விதியிலிருந்து "நிரந்தரக் குடியிருப்பாளர்" என்பதை எடுத்துவிட்டது. 1962-இலிருந்து சிவப்பு அட்டைப் பெற்றோரின் பிள்ளைகளை நீல அட்டைக்குக் கொண்டுபோன பாலம் அதுதான். ஏற்கெனவே குடியுரிமை பெற்றவர்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை. புதிய விதியின் கீழ் பிறக்கும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம்தான் வழி, விண்ணப்பம் என்றால் அமைச்சின் விருப்புரிமை. சிறப்புச் சூழலில் பிள்ளைகளைப் பதியும் 15ஏ பிரிவின் வயது வரம்பையும் 21-லிருந்து 18-க்குக் குறைத்துவிட்டார்கள், அதனால் காத்திருக்கும் காலமும் சுருங்குகிறது.

இதைத் தோட்டத்துக் கல்யாணத்தோடு சேர்த்துப் பாருங்கள். அம்மா சிவப்பு அட்டை, அப்பா நீல அட்டை, தாலி கட்டினார்கள், பதியவில்லை. பழைய விதியில் அம்மாவின் சிவப்பு அட்டையே பிள்ளைக்குப் போதுமானதாக இருந்தது. புதிய விதியில் அம்மாவின் அட்டை கணக்கில் வராது, பதியாத கல்யாணத்தால் அப்பாவும் கணக்கில் வரமாட்டார். இரண்டு பேரும் பக்கத்தில் இருக்க, பிள்ளை யாருடைய குடியுரிமையையும் பெறாது. சிவப்பு அட்டைப் பெண்ணிடம் ஐசி இருப்பதால் அவளுடைய கல்யாணத்தைப் பதிவதில் தடை ஒன்றுமில்லை. பிரசவத்துக்கு முன்னால் அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் அப்பாவின் நீல அட்டை பிள்ளைக்குச் சேரும்.